ஸ்டீயரிங் வீலைக் கழற்றச் சுத்தியல் வேண்டாம், புல்லர் போதும்

இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிய பிறகும் ஸ்விட்ச் தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. அல்லது வைப்பர் ஸ்விட்ச் லொடலொடவென்று ஆடுகிறது. மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் இது சகஜம். ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னால் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்சை (இண்டிகேட்டருக்கும் வைப்பருக்கும் சேர்ந்த ஸ்விட்ச்) மாற்றினால் தீர்ந்துவிடும். ஸ்விட்சை மாற்றுவது எளிது. அதற்காக வீலைக் கழற்றும்போதுதான் பலர் ஸ்டீயரிங் காலத்தை (வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டும் அதன் குழாயும்) கெடுத்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: இது ஏர்பேக் இல்லாத வண்டிக்கு மட்டுமான செய்முறை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றிலும் உண்டு. வீலின் நடுவில் எஸ்ஆர்எஸ் (SRS) அல்லது ஏர்பேக் (AIRBAG) என்று எழுதியிருந்தால் கைவைக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவுக்கு மின்சாரம் உள்ளே கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும். அதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ராட்செட்டும் சாக்கெட்டும் (நடு நட்டுக்கு 17, 19 எம்எம் இரண்டையும் கைவசம் வையுங்கள்), பேட்டரிக்கு 10 எம்எம் ஸ்பேனர், நுனி தேயாத ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒயிட்னர் பேனா, டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரென்ச்), ஸ்டீயரிங் வீல் புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி). ஓப்பன் ஸ்பேனர் இந்த நட்டுக்கு ஆகாது. அது இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். இறுகிய நட்டில் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும்.

புல்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீலும் தண்டும் பல்வரிசையில் இறுகிப் பொருந்தியிருப்பவை. நட்டைக் கழற்றினாலும் வீல் சுலபத்தில் வராது. உடனே தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டுவது நம் ஊர் வழக்கம். விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் மடங்கிச் சுருங்கும்படிதான் பெரும்பாலான ஸ்டீயரிங் காலங்களைச் செய்திருக்கிறார்கள். அதற்காக உள்ளே பிளாஸ்டிக் பின்கள் போன்ற, வேண்டுமென்றே பலவீனமாக வைத்த பாகங்கள் இருக்கும். நீங்கள் தட்டும் அடி நேராக அவற்றின்மேல்தான் விழும். உடைந்தாலும் வெளியே தெரியாது. தண்டின் மரை நசுங்கினால் நட்டும் திரும்ப ஏறாது. புல்லரோ தண்டை நடுவில் தாங்கிக்கொண்டு வீலை மட்டும் தன் பக்கம் இழுக்கும். ஒரே ஒரு தடவைக்காக வாங்க மனமில்லை என்றால் தெரிந்த ஒர்க் ஷாப்பில் இரவல் கேளுங்கள்.

கழற்றும் முறை

முன் சக்கரங்களை நேராக வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். சாவியை ஏசிசி (ACC) நிலையிலேயே விடுங்கள், ஸ்டீயரிங் லாக் விழாது. நட்டைத் திருப்பும்போது வீலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். லாக்கை நம்பி முழு பலத்தையும் கொடுத்தால் லாக் உடையும்.

வீலின் நடுவிலுள்ள ஹார்ன் பேடு சில மாடல்களில் பின்பக்க ஸ்க்ரூவிலும், சிலவற்றில் கிளிப்பிலும் நிற்கும். பின்னால் பார்த்துவிட்டு எடுங்கள்; ஒயரை இழுக்காமல் கழற்றுங்கள்.

நட்டு தெரிந்ததும் தண்டின் நுனியிலும் வீலின் மையத்திலும் சேர்த்து ஒயிட்னரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நேராக ஓட்டும்போது வீல் கோணலாக நிற்கும்.

இப்போது நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாக எடுக்காதீர்கள். மூன்று நான்கு மரை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும்.

புல்லரின் இரண்டு போல்ட்டையும் வீலில் உள்ள மரை துளைகளில் கையால் ஏற்றுங்கள். துளைக்குப் பொருந்தாத போல்ட்டைத் திணிக்க வேண்டாம். நீளமான போல்ட்டை ஆழமாக இறக்கினால் பின்னாலிருக்கும் ஸ்விட்சில் முட்டி அதை உடைக்கும். அப்புறம் நடு போல்ட்டை மெதுவாக இறுக்குங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் வீல் விடுபட்டுவிட்டது. புல்லரையும் நட்டையும் எடுத்துவிடலாம்.

ஸ்விட்ச் மாற்றுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றும் முன் கனெக்டர்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

திரும்ப மாட்டும்போது

கோடுகள் நேராகச் சேரும்படி வீலை வைத்து, நட்டைக் கையால் ஏற்றிய பிறகு டார்க் ரென்ச்சை எடுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடையில் முதலில் காட்டும் அரை அங்குல (சாக்கெட் மாட்டும் முனையின் அளவு) டார்க் ரென்ச் பலவும் சக்கர நட்டு போன்ற வேலைக்கானவை. அளவு சிலவற்றில் 28, சிலவற்றில் 40 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கும். சிறிய கார்களின் ஸ்டீயரிங் நட்டுக்கும் கீழே தண்டை இணைக்கும் ஜாயின்ட்டின் போல்ட்டுக்கும் அதைவிடக் குறைவாகவே தேவைப்படலாம். 3/8 அங்குல ரென்ச் வாங்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து வையுங்கள், யூகிக்காதீர்கள்.

கீழே குனிந்து, பெடலுக்கு மேலே உள்ள அந்த ஜாயின்ட்டையும் பாருங்கள். ஒருவர் வீலைச் சற்றே இடமும் வலமும் ஆட்ட, நீங்கள் ஜாயின்ட்டில் கைவைத்தால் ஆட்டம் விரலில் தெரியும். ஆட்டம் இருந்தால் போல்ட்டை மட்டும் இறுக்கித் திருப்திப்பட வேண்டாம், ஜாயின்ட்டே தேய்ந்திருக்கலாம்.

பேட்டரியை மாட்டி, ஹார்னையும் இண்டிகேட்டரையும் சோதியுங்கள். காலி இடத்தில் மெதுவாக ஓட்டி இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இண்டிகேட்டர் திரும்பி வரவில்லை என்றால், வீலின் பின்பக்க நீட்டம் ஸ்விட்சின் கேம் வளையத்தில் (இண்டிகேட்டரைப் பழைய நிலைக்குத் தள்ளும் வளையம்) சரியாக உட்காராமல் இருக்கலாம். திரும்பக் கழற்றி அதைப் பொருத்துங்கள்.