வேறு நாட்டுக் கடலில் போட்டு பிடிபட்டால்: கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துப் போட்டுகள் (விசைப்படகுகள்) சுறாவும் சூரையும் தேடி முப்பது, நாற்பது நாள் கடலில் கிடப்பது புதிதல்ல. இலங்கை, மாலத்தீவு, டியாகோ கார்சியா என்று எங்கிருந்தாவது "போட்டைப் பிடித்துவிட்டார்கள்" என்ற சேதி வந்ததும் ஊர் கூடும். பங்குத்தந்தை தலைமையில் கலெக்டர் ஆபீசுக்கு மனு போகும். மனு கொடுப்பது சரிதான். ஆனால் "எங்கள் பிள்ளைகளை மீட்டுத் தாருங்கள்" என்பதோடு நிற்கும் மனு டெல்லியில் ஏதோ ஒரு மேசையில் தங்கிவிடுகிறது.

காரணம் இதுதான். கடல் சட்டத்தில் உரிமை கேட்கும் வாய் மீனவனுக்கு இல்லை, நாட்டுக்குத்தான் உண்டு. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். நம் மாநில அரசுகூட நேரடியாகப் பேச முடியாது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம். ஆனால் வெளியுறவும் (10), கரைக்கடல் எல்லைக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பும் (57) மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே, டெல்லி எந்தச் சட்டப்பிரிவைச் சொல்லி எதைக் கேட்கலாம் என்பதை ஊரே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்: எந்தக் கடல், எந்தக் கொடி, எந்த நாடு.

எந்தக் கடல்

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் கடலைப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை அந்த நாட்டின் சொந்தக் கடல். 200 கடல்மைல் வரை அதன் பொருளாதார மண்டலம்: மீன் அவர்களுடையது, கப்பல் போகும் வழி எல்லோருக்கும் பொது. அதற்கு அப்பால் பொதுக்கடல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர்.

நமக்கு உயிர்நாடி இந்த ஒப்பந்தத்தின் 73ஆவது பிரிவு. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்ததற்காகப் பிடித்தால், நியாயமான பிணைத்தொகை கட்டியதும் படகையும் ஆட்களையும் தாமதமின்றி விட வேண்டும். இரு நாடுகளும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, சிறைத்தண்டனை கூடாது. பிடித்ததை உடனே கொடி நாட்டுக்கு, அதாவது படகு பதிவான நாட்டுக்கு, தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் 12 கடல்மைலுக்குள் பிடிபட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்த நாட்டுச் சட்டம் சொல்வதுதான். பாக் நீரிணைப் பக்கம் 73ஆவது பிரிவைச் சொல்லி வாதாட முடியாமல் போவது இதனால்தான். அங்கே இரு கரைக்கும் நடுவில் 200 மைலுக்கு இடமே இல்லை. 1974ஆம் ஆண்டின் எல்லைக்கோடுதான் எல்லாம்.

ஆகவே சிறையா அபராதமா என்பது ஒரே ஒரு ஜிபிஎஸ் குறிப்பில் தொங்குகிறது. அந்தக் குறிப்பைக் கரையில் எழுதும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. வயர்லெஸ்ஸில் ஸ்ராங்கு (போட்டை ஓட்டுபவர்) "ஏழு முப்பது" என்கிறார். அவர் சொல்வது 7 டிகிரி 30 மினிட். கேட்டவர் தாளில் 7.30 என்று எழுதுகிறார். ஆபீசில் கம்ப்யூட்டர் அதை 7.30 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். அது 7 டிகிரி 18 மினிட். வடக்கு தெற்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல்மைல். அந்த ஒரு புள்ளியால் போட்டு 12 கடல்மைல் நகர்ந்துவிடுகிறது; ஒரு நாட்டின் சொந்தக் கடலின் முழு அகலமே அவ்வளவுதான்! எப்போதும் "டிகிரி", "மினிட்" என்று எழுத்திலேயே எழுதுங்கள். வடக்கா தெற்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூமத்திய ரேகையைத் தாண்டிப் போகும் போட்டுகளுக்கு இந்தக் கடைசி வார்த்தை மிக முக்கியம்.

கடலோரத்தில் "இருநூறு மைல்" என்று பொதுவாகச் சொல்வார்கள். எதிரே இன்னொரு நாடு இருந்தால் அந்த 200 எட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒப்பந்தக் கோடு விழும். மன்னார் வளைகுடாவில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றின் எல்லையும் சேரும் புள்ளி 1976இல் ஒப்பந்தமானது. அதே ஆண்டு மார்ச் 23 அன்று கைமாறிய கடிதங்களில்தான் நம் குமரி முனைக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டு இந்தியாவுக்கு உறுதியானது. அதுவரை அங்கே மீன்பிடித்துவந்த இலங்கைக்காரர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது: உரிமம் பெற்ற 6 கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் கூடாது. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2,000 டன் மீனை விலைக்குத் தர இந்தியா ஒப்புக்கொண்டது. கச்சத்தீவைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறோம். நம் வாசலில் கிடக்கும் இந்த மீன்காட்டைப் பற்றி நம் மாவட்டத்திலேயே பேச்சு குறைவு. நாடுகள் எப்படிக் கொடுத்து வாங்குகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கடிதம் வேறில்லை.

எந்தக் கொடி

பிணை கட்டியும் படகை விடாவிட்டால், பிடித்த பத்து நாளுக்குள் இரு நாடுகளும் வேறு தீர்ப்பாயத்துக்கு ஒத்துக்கொள்ளாத நிலையில், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக 292ஆவது பிரிவு வழி தருகிறது. ஆனால் அப்படிப் போக முடிவது படகின் கொடி நாட்டால் மட்டும்தான். இந்தியா இதுவரை ஒரு மீன்பிடிப் படகுக்காக இந்த வழியில் போனதில்லை. போகச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அதற்கு முதல் தேவை, போட்டு இந்தியாவில் பதிவானது என்று காட்டும் தாள். பதிவு காலாவதியான போட்டுக்கு இந்த வழி தொடக்கத்திலேயே அடைபடும்.

பஹ்ரைனிலோ ஈரானின் கிஷ் தீவிலோ வேலைக்குப் போனவர்களின் கதை வேறு. போட்டு அந்த ஊர் முதலாளியுடையது, கொடியும் அந்த நாட்டுடையது. அதனால் படகுக்காக இந்தியா பேச முடியாது, ஆட்களுக்காக மட்டும் பேசலாம். அதற்கான சட்டம் 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக ஒப்பந்தம், பிரிவு 36. பிடிபட்டவர் கேட்டால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், வக்கீல் வைக்கலாம். இந்த உரிமையை வைத்துத்தான் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலை 17 அன்று இந்தியா பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கியது.

அதில் "பிடிபட்டவர் கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள். எனவே கடலுக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி மனப்பாடமாக இருக்கட்டும்: "ப்ளீஸ் இன்ஃபார்ம் இந்தியன் எம்பஸி." இன்னொன்று: புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, "தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று கேட்க வேண்டும்.

எந்த நாடு

சட்டம் ஒன்றாக இருந்தாலும் எல்லா நாடும் அதற்குள் இல்லை. ஈரானும் ஐக்கிய அரபு அமீரகமும் கடல் சட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, உறுதி செய்யவில்லை. அங்கே 73ஆவது பிரிவை எழுதி மனுவை நிரப்பிப் பயனில்லை. பிரிவு 36ஐயும் இரு நாட்டு உறவையும் பிடித்துப் பேச வேண்டும்.

சாகோஸ் தீவுகளில் ஒன்றான, ராணுவத் தளம் உள்ள டியாகோ கார்சியா இன்னொரு பாடம். சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் பிரித்தெடுத்ததால் மொரீஷியஸின் காலனிய விடுதலை சட்டப்படி முழுமையடையவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று கருத்துச் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, 6 மட்டுமே எதிர்த்தன. அதற்குப் பிறகும் அந்தக் கடலில் மீன்பிடிப் படகுகளைப் பிடித்தது பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்தான். தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைத்து, டியாகோ கார்சியா தளத்தை மட்டும் 99 ஆண்டுகள் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 2025 மே 22 அன்று கையெழுத்தானது. கையெழுத்து வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. மனு எழுதும் நாளில் ஆட்களைக் காவலில் வைத்திருப்பது யார் என்று பாருங்கள். பிரிட்டன் என்றால் லண்டனிலுள்ள இந்தியத் தூதரகம், மொரீஷியஸ் என்றால் போர்ட் லூயிஸ். தீவு நியாயப்படி யாருடையது என்பது அந்த மனுவில் வேண்டாம்.

முதல் இரண்டு நாள்

குறைதீர் கூட்டத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். 1554இல் கடலோரக் காவல்படைக்குச் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: போட்டின் பெயர், பதிவு எண், கிளம்பிய துறைமுகம், நாள், கடைசியாகப் பேசிய நேரம், இடக்குறிப்பு, பிடித்த கப்பலின் பெயர் அல்லது நிறம், ஆட்களின் பெயர், பிறந்த தேதி, ஆதார் அல்லது பாஸ்போர்ட் எண், தினமும் மருந்து சாப்பிடுபவர் யார், என்ன மருந்து. கேட்பது மூன்றே வரி: பிரிவு 36படி தூதரகச் சந்திப்பு, பிரிவு 73 பொருந்தும் இடத்தில் அதன்படி பிணையில் விடுதலை, எல்லா ஆவணங்களின் நகல். இதே பக்கம் மீன்வளத்துறை உதவி இயக்குநர், கலெக்டர், எம்.பி., அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் என நான்கு இடத்துக்கும் ஒரே வாசகத்தில் போகட்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் தனித்தனிப் புகார் பதியுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் பிறகு கேட்க முடியும்.

ஆள் பட்டியலில் ஒரு பெயர்கூட விடக் கூடாது. 2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்ஸி கப்பலிலிருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். சுட்டவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் நடுவர் மன்றம் சொன்னது. 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் வந்தது: இரண்டு குடும்பத்துக்கும் தலா 4 கோடி, போட்டு உரிமையாளருக்கு 2 கோடி. அதே போட்டில் இருந்த மற்றத் தொழிலாளர்கள் தங்கள் பங்குக்காக உச்ச நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

எப்போது சத்தம் போடுவது

வலிமை இல்லாத இடத்தில் சட்டம் தானாக நடக்காது. பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் வந்த தென்சீனக் கடல் தீர்ப்பை 2016இல் சீனா ஏற்கவில்லை. யாராலும் ஏற்க வைக்க முடியவில்லை. 2014இல் வங்காள விரிகுடா வழக்கில், தகராறிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனபோது பெரிய நாடான இந்தியா ஏற்றுக்கொண்டது. பக்கத்து நாட்டு நட்புக்கும் விலை உண்டு என்று கணக்குப் போட்டதாகத்தான் அதைப் படிக்க வேண்டும். உங்கள் வழக்கும் இப்படியொரு கணக்குக்குள்தான் விழும்.

2014 அக்டோபர் 30 அன்று இலங்கையில் போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை பெற்ற ஐந்து தமிழக மீனவர்கள் நவம்பர் 19 அன்று பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது வாதம் அல்ல, இரண்டு தலைநகரங்களுக்கு இடையே நடந்த பேச்சு. மன்னிப்புக்கு வழிவிட அப்பீலையே திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதனால் தூதரகம் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்னால் எதற்காக, எத்தனை நாள் என்று கேளுங்கள். பேச்சு நடக்கிறது என்றால் அந்த நாட்டைத் திட்டும் போராட்டத்தைத் தள்ளிவையுங்கள். எந்தப் பதிலும் இல்லையென்றால், அந்த நாட்டு அமைச்சர் டெல்லி வரும் வாரமும் நாடாளுமன்றம் கூடும் வாரமும்தான் சத்தத்துக்கு மதிப்புள்ள நேரம்.

ஆட்கள் திரும்பியதும் ஊர் ஓய்ந்துவிடும். போட்டு அங்கேயே நிற்கும். இலங்கையில் படகு வழக்கு தனி. உரிமையாளர் அல்லது அவருடைய வக்கீல் விசாரணை நாளில் ஆஜராகாவிட்டால் போட்டு அரசுடைமையாகிவிடும். பதிவுச் சான்று, எஞ்சின் எண், வங்கிக் கடன் தாள், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் ஒரு கோப்பிலும் சங்கத்தில் ஒரு கோப்பிலும் இருக்கட்டும். ஒவ்வொரு முறை தங்கலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) கிளம்பும் முன் போட்டின் இரு பக்கத்தையும் எஞ்சின் எண்ணையும் போனில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்.