துத்தநாக ஆக்சைடு நானோதண்டுகளுக்கு ஒரு மேலுறை: சாயச் சூரிய மின்கலத்தின் திறனைக் கூட்டும் செய்முறை

வேர்க்குருவுக்குப் பூசும் கேலமைன் லோஷனின் முக்கியச் சரக்கு துத்தநாக ஆக்சைடு. விலை மலிவு, எளிதில் கிடைக்கும். இந்தப் பொருளைத் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய தண்டுகளாகக் கண்ணாடியின் மேல் வளர்த்து, அதற்குச் சாயம் ஏற்றி, வெயிலில் மின்சாரம் எடுக்க முடியும். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கருவிகளே இதற்குப் போதும். முதலில் தண்டுகளை வளர்ப்போம். பிறகு அவற்றின் தோலை மட்டும் மாற்றி, திறன் (விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு) கூடுகிறதா என்று அளந்து பார்ப்போம்.

ஏன் தோலை மாற்ற வேண்டும்? கதை 1991-இல் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிராட்செலும் டைட்டானியம் டை ஆக்சைடு நானோதுகள்களின் மேல் சாயம் ஏற்றி, 7 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட சூரிய மின்கலத்தை உருவாக்கினார்கள். சாயம் ஒளியை விழுங்கி ஓர் எலக்ட்ரானை ஆக்சைடுக்குள் தள்ளுகிறது. அந்த எலக்ட்ரான் துகளுக்குத் துகள் தாவித் தாவிக் கண்ணாடியை அடைகிறது. நெரிசலான சந்தைக்குள் வழி தேடுவது போன்ற பயணம் அது.

அந்தச் சந்தைக்கு நடுவே நேரான சாலை போட்டால் என்ன? 2005-இல் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகளைக் கண்ணாடியின் மேல் செங்குத்தாக வளர்த்து இதைச் செய்து காட்டினார்கள். துத்தநாக ஆக்சைடுக்குள் எலக்ட்ரான் டைட்டானியம் டை ஆக்சைடில் நகர்வதைவிடப் பல மடங்கு எளிதாக நகரும். ஆனாலும் அவர்களுக்குக் கிடைத்தது 1.5 சதவீதம்தான். கம்பிகளின் பரப்பளவு நானோதுகள் படலத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கே இருந்ததால் சாயம் ஒட்ட இடம் குறைவு. அது முதல் காரணம். இரண்டாவது காரணம் கசிவு. கம்பியின் மேற்பரப்பில் இருக்கும் குறைபாடுகளில் எலக்ட்ரான் சிக்கி, சுற்றியிருக்கும் மின்பகுளி என்ற மின்கடத்தும் திரவத்துக்குள் திரும்பி ஓடிவிடுகிறது.

அடுத்த ஆண்டே அதே குழுவினர் கம்பிகளுக்கு மேலுறை போட்டுப் பார்த்தார்கள். 10 முதல் 25 நானோமீட்டர் தடிமனில் டைட்டானியம் டை ஆக்சைடு உறை போட்டபோது மின்னழுத்தம் நன்றாக உயர்ந்தது, மின்னோட்டம் பெரிதாகக் குறையவில்லை, திறன் 2.25 சதவீதம் வரை போனது. அலுமினா உறை போட்டபோதும் மின்னழுத்தம் உயர்ந்தது. ஆனால் அது மின்கடத்தாப் பொருள். வெளியே ஓடும் எலக்ட்ரானைத் தடுக்கும் சுவர், சாயத்திலிருந்து உள்ளே வரும் எலக்ட்ரானையும் தடுத்துவிட்டது. கசிவை நிறுத்த வேண்டும், வாசலை அடைக்கக் கூடாது. நம் வேலை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

தொடங்கும் முன்

நான்கு கண்ணாடித் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேலுறைக்கு, இரண்டு ஒப்பீட்டுக்கு. ஒப்பீட்டுத் துண்டுகளைக் கூடவே ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது ஜனவரியில் வளர்த்த வெறும் தண்டுகளையும் மார்ச்சில் வளர்த்து உறையிட்ட தண்டுகளையும் ஒப்பிட்டு, உறையால் திறன் கூடிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பிறகு பார்த்தால் மார்ச் மாதத் தண்டுகள் அதிக நேரம் வளர்ந்தவை, நீளமானவை. சாயம் அதிகம் ஒட்டியதால் வந்த மாற்றத்தை உறையின் கணக்கில் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ஒப்பிடும் துண்டுகள் அனைத்தும் ஒரே பீக்கரில், ஒரே நேரத்தில் வளர்கின்றன.

வேண்டிய கண்ணாடி, ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசியது. ஆய்வகத்தில் எஃப்.டி.ஓ கண்ணாடி என்பார்கள். 2.5 செ.மீ சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள்: பத்துகளில் ஓம் காட்டும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். எண்ணே காட்டாத பக்கம் வெறும் கண்ணாடி. பின்பக்க மூலையில் வைர முனையால் சிறு கீறல் போட்டு எண் எழுதிவிடுங்கள். பேனா மை உலையில் எரிந்துவிடும். சோப்புநீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், எத்தனால் என்ற வரிசையில் கழுவி உலர்த்துங்கள்.

படி 1: விதை தூவுதல்

வெறும் கண்ணாடியில் தண்டுகள் ஒழுங்காக வளரா. முதலில் நாற்றங்கால் வேண்டும். 50 மில்லி எத்தனாலில் 55 மில்லிகிராம் ஜிங்க் அசிட்டேட் டைஹைட்ரேட்டைக் கரையுங்கள். இது 5 மில்லிமோலார் கரைசல். பூச்சுள்ள பக்கத்தில் சில சொட்டுகள் விட்டு, பத்து விநாடி கழித்து எத்தனாலால் அலசி, உலர்த்துங்கள். இதை ஐந்து முறை செய்யுங்கள். பிறகு 350 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்கினால் அசிட்டேட் சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத துத்தநாக ஆக்சைடு விதைகள் கண்ணாடியில் பதிந்துவிடும். துண்டைப் பார்த்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் சரியாக அலசவில்லை என்று பொருள்.

படி 2: தண்டு வளர்த்தல்

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 0.744 கிராம் ஜிங்க் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டையும் 0.350 கிராம் ஹெக்சமினையும் கரையுங்கள். இரண்டும் 25 மில்லிமோலார் அளவில் இருக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் வளர்ச்சியைக் கெடுக்கும்.

சூடாகும்போது ஹெக்சமின் மெல்லச் சிதைந்து அம்மோனியாவையும் ஃபார்மால்டிஹைடையும் வெளிவிடும். அம்மோனியா நீரைக் காரமாக்க, துத்தநாக அயனிகள் ஹைட்ராக்சைடாகி, பிறகு ஆக்சைடாகி விதைகளின் மேல் படிகின்றன. இந்த நிதானம்தான் முக்கியம். காரத்தை ஒரேயடியாக ஊற்றினால் எல்லாம் வீழ்படிவாகிவிடும். மூடியைத் திறக்கும்போது புகைபோக்கி அறைக்குள் வைத்தே திறங்கள், ஃபார்மால்டிஹைடு கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

நான்கு துண்டுகளையும் விதைப்பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு பீக்கரின் சுவரில் சாய்த்து வையுங்கள். தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மேல்நோக்கி வைத்தால் கரைசலில் தானாக உருவாகும் துகள்கள் பனிபோல் விழுந்து தண்டுகளை மூடிவிடும். பீக்கரை மூடி 90 டிகிரி அடுப்பில் வையுங்கள். சிறிது நேரத்தில் கரைசல் கலங்கும், பயப்பட வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய கரைசலுக்கு மாற்றி, மொத்தம் ஏழெட்டு மணி நேரம் வளர்த்தால் பயிற்சிக்குப் போதும்.

எடுத்து நன்றாக அலசி உலர்த்துங்கள். நேராகப் பார்த்தால் கண்ணாடி பால்படிந்தது போல வெளுத்திருக்கும். விளக்குக்கு எதிரே சாய்த்தால் சீரான மங்கல் தெரிய வேண்டும். விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும், தொடாதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் ஒருமுறையாவது பாருங்கள்: அறுகோணப் பென்சில்களை நெருக்கமாக நிறுத்தி வைத்தது போல இருக்கும். நானோமீட்டர்களில் அளக்கும் ஒரு பொருள் தன் படிக வடிவத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டுவதை முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

படி 3: மேலுறை

டைட்டானியம் டை ஆக்சைடு உறைக்குப் பலர் டைட்டானியம் டெட்ராகுளோரைடு பயன்படுத்துவார்கள். நமக்கு அது ஆகாது. அது நீரில் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், துத்தநாக ஆக்சைடோ அமிலத்தில் கரையும். காலையிலிருந்து வளர்த்த தண்டுகள் நிமிடங்களில் போய்விடும்.

டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி உலர்ந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 0.06 மில்லி போதும். காற்றின் ஈரம் பட்டாலே இது வெண்மையாகத் திரியும் என்பதால் மழைநாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தெளிவாக இருக்கும் கரைசலை மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டு துண்டுகளை 100 டிகிரியில் உலர்த்தி, ஆறவைத்து, கரைசலில் ஒரு நிமிடம் முக்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அலசி, ஐந்து நிமிடம் காற்றில் விடுங்கள். காற்றின் ஈரம், ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை ஆக்சைடாக மாற்றத் தொடங்கும். ஒரு துண்டுக்கு மூன்று சுற்று, இன்னொன்றுக்கு ஆறு சுற்று. சுற்று கூடினால் உறை தடிக்கும். பெர்க்லி குழுவினர் அணு அடுக்குப் படிவு முறையில் உறையிட்டார்கள், அந்தத் துல்லியம் முக்கி எடுக்கும் முறைக்கு வராது. ஆனால் தடிமன் மாறினால் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க இது போதும்.

ஒப்பீட்டுத் துண்டுகளை மறந்துவிடாதீர்கள். அவற்றையும் வெறும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதே நேரம் முக்கி, நான்கையும் சேர்த்து 450 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குங்கள். சூடு மட்டுமே துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பிலிருந்து ஹைட்ராக்சைடையும் கரிமக் கழிவையும் விரட்டி, மின்கலத்தை மாற்றிவிடும். ஒப்பீட்டுத் துண்டு அந்தச் சூட்டைச் சந்திக்காவிட்டால் ஒப்பீடே செல்லாது. உலையை மெல்ல ஆறவிடுங்கள், அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

அலுமினியம் கலந்து தண்டின் உட்பகுதியை மாற்றுவது இன்னொரு வழி. வளர்ப்புக் கரைசலில் 9.4 மில்லிகிராம் அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் சேர்த்தால் துத்தநாகத்தோடு ஒப்பிட 1 சதவீதம். ஆனால் கரைசலில் உள்ள விகிதம் அப்படியே படிகத்துக்குள் போவதில்லை. அதிகம் சேர்த்தால் தண்டுகளுக்குப் பதில் மெல்லிய தகடுகள் முளைக்கும். முதல் முயற்சிக்கு உறையோடு நில்லுங்கள்.

படி 4: சாயம்

ஆய்வுக்கூடங்களில் ருத்தேனியம் சாயம் பயன்படுத்துவார்கள். விலை அதிகம், மேலும் அதிலுள்ள அமிலத் தொகுதிகள் உறையில்லாத துத்தநாக ஆக்சைடை அரிக்கும். நமக்குச் செம்பருத்தி போதும். ஐந்தாறு சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை மட்டும் எடுத்து, 50 மில்லி எத்தனாலில் ஓர் இரவு இருட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். நிறம் மங்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அவை டைட்டானியம் டை ஆக்சைடுக்கானவை. இங்கே ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

துண்டுகள் 80 டிகிரிச் சூட்டில் இருக்கும்போதே சாயத்தில் இறக்கி, இரண்டு மணி நேரம் வையுங்கள். சிவப்புச் சாறு தண்டுகளில் ஏறும்போது ஊதாவாகத் திரும்புவதைக் கவனியுங்கள். பூவின் நிறமியான ஆந்தோசயனின் மூலக்கூறு ஆக்சைடைப் பற்றிக்கொண்டதற்கு அதுவே அடையாளம். எத்தனாலால் அலசிய பிறகும் நிறம் நிற்க வேண்டும்.

படி 5: மின்கலம் கட்டுதல்

வேறு நான்கு எஃப்.டி.ஓ துண்டுகளின் பூச்சுப் பக்கத்தில் மென்மையான பென்சிலால் நன்றாகத் தேய்த்து, மெழுகுவத்திச் சுடரின் கரியையும் படியவிடுங்கள். இது தண்டுகளுக்கு எதிரே நிற்கும் மின்வாய். மின்பகுளிக்கு 10 மில்லி எத்திலீன் கிளைக்காலில் 0.83 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 0.127 கிராம் அயோடின். ஓரங்களில் ஒட்டுநாடாவை இடைவெளிக்காக வைத்து, இரு துண்டுகளையும் சற்று விலக்கி முகத்துக்கு முகம் வைத்து, காகிதக் கிளிப்பால் பிடித்து, இடுக்கில் ஒரு சொட்டு மின்பகுளி விடுங்கள். அது தானாக உள்ளே பரவும்.

படி 6: அளவீடு

கறுப்புக் காகிதத்தில் 5 மி.மீ சதுர ஓட்டை வெட்டி மின்கலத்தின் முகத்தில் ஒட்டுங்கள். ஒளிபடும் பரப்பு இப்போது சரியாக 0.25 சதுர செ.மீ. இந்தக் காகிதம் இல்லாமல் அளந்தால் ஓரங்களிலிருந்து வரும் ஒளி திறனைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

தெளிவான நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். 10 கிலோ ஓம் மாறுமின்தடையை மின்கலத்தோடு இணைத்து, தடையை மாற்ற மாற்ற மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மின்கலங்களையும் அரை மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள், மேகம் வந்தால் நிறுத்துங்கள்.

கணக்கு எளிது. உதாரணமாக, திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டமே ஓடாதபோது காட்டுவது) 0.4 வோல்ட், குறுஞ்சுற்று மின்னோட்டம் (தடையே இல்லாதபோது ஓடுவது) 0.25 மில்லிஆம்பியர், மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கற்பலன் உச்சமாகும் இடத்தில் 0.04 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டைக்குள் விழும் ஒளி 25 மில்லிவாட். திறன் 0.16 சதவீதம். அந்த 0.04-ஐ 0.4, 0.25 இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைக்கும் நிரப்புக் காரணி 0.4. பூச்சாயத்தில் ஒரு சதவீதத்துக்கு வெகு கீழேதான் கிடைக்கும். நாம் தேடுவது அந்த எண் அல்ல, துண்டுகளுக்கு இடையிலான வித்தியாசம்.

மின்னழுத்தமும் நிரப்புக் காரணியும் உயர்ந்து, மின்னோட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் உறை வேலை செய்கிறது. மூன்று சுற்றில் உயர்ந்து ஆறு சுற்றில் மின்னோட்டம் சரிந்தால் உறை தடித்துவிட்டது. மின்னோட்டம் மட்டும் கூடியிருந்தால் அவசரப்படாதீர்கள், சாயம் அதிகம் ஒட்டியிருக்கலாம். ஒப்பீட்டுத் துண்டுகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசமே உறையால் வந்ததாகத் தெரியும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. மீண்டும் வளர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. மின்கலத்தைக் கறுப்புத் துணியால் முழுவதும் மூடி, தண்டுள்ள கண்ணாடியை வெளியே உள்ள ஒரு பேட்டரியின் எதிர்முனையோடும் கரிபூசிய கண்ணாடியை நேர்முனையோடும் மாறுமின்தடை வழியாக இணைத்து, 0-விலிருந்து 0.6 வோல்ட் வரை மெல்ல ஏற்றுங்கள். இருட்டில் ஓடும் இந்த மின்னோட்டம்தான் தண்டிலிருந்து மின்பகுளிக்குக் கசியும் எலக்ட்ரான்கள். அதே வோல்ட்டில் உறையிட்ட துண்டு வெறும் துண்டைவிடக் குறைவாகக் காட்டினால், அந்தக் கசிவு குறைந்ததை உங்கள் மல்டிமீட்டரிலேயே பார்த்துவிட்டீர்கள்.