கணினியில் ஒலியைச் சோதிக்கும்போது நிகழும் தவறுகள்

மேசைக் கணினியில் ஒலி வரவில்லை என்றதும் பலரும் உலாவியைத் திறந்து ஏதேனும் ஒரு பாட்டை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இணையம் மெதுவாக இருந்தாலும், காணொளியின் ஒலி அணைந்திருந்தாலும், ஸ்பீக்கரின் குமிழ் குறைந்திருந்தாலும் விளைவு ஒரே மௌனம்தான் என்பதால், இதைக் கொண்டு பழுது எங்கே என்று சொல்ல முடியாது. விண்டோஸில் ஒலி அமைப்புகளுக்குள் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தான் இடையில் உலாவியோ இணையமோ இல்லாமல் ஒலிப்பதால், அதிலிருந்து தொடங்குவதே முறை.

லினக்ஸ் பயன்படுத்துவோர், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளையை அப்படியே இயக்கிவிட்டு, வானொலியில் நிலையம் சிக்காதபோது கேட்கும் இரைச்சலைப் போன்ற ஒலி வந்ததும் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாக எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் அந்த இரைச்சலே சோதனை ஒலி. நாமாக நிறுத்தும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். தனியாகக் குறிப்பிடாவிட்டால் ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரே ஒரு ஒலிப்பாதையைத்தான் அது சோதிக்கும் என்பதால், இரண்டு சேனல்கள் என்று சேர்த்துக் கொடுத்தால்தான் இடமும் வலமும் மாறியிருப்பதோ, ஒரு பக்கம் மட்டும் ஊமையாக இருப்பதோ தெரியவரும். லினக்ஸில் ஒலியளவைச் சரிசெய்ய உதவும் 'அல்சாமிக்சர்' நிரலின் திரையில் ஒலியளவுப் பட்டை உச்சியில் நிற்பதைப் பார்த்து ஏமாறுவதும் வழக்கமே. பட்டையின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் தெரிந்தால் அந்தச் சேனல் மியூட் ஆகியிருக்கிறது. 'எம்' விசையை ஒருமுறை தட்டினால் அது திறந்துவிடும்.

ஒலி எந்த வழியில் வெளியேறுகிறது என்று பாராமல் விடுவதும் ஒரு தவறு. மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தவுடன் ஒலியும் அதற்கே போய்விடக்கூடும். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை என்றால், கணினியின் பார்வையில் எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருக்க, நம் காதுக்கு மட்டும் எதுவும் எட்டாது. அதேபோல் முன்பக்கத்தில் ஹெட்போன் செருகியிருந்தால் பின்பக்க ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடுவதும் பல கணினிகளில் இயல்பு. பின்பக்கத்தில் பச்சை ஜாக்தான் ஸ்பீக்கருக்கு உரியது. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்வாங்க. மேசைக்கு அடியில் இருட்டில் கைத்தடவலாகச் செருகுகிறவர்கள் இதில் தவறுவது வியப்பில்லை.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுவது, ஓடிக்கொண்டிருந்த அமைப்பையும் குலைத்துவிடலாம். சோதனையின்போது ஒலியளவை முழுதாக ஏற்றிவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அமைப்புகளை மாற்றுவதும் கூடாது. ஒலி திடீரென்று திரும்பினால் அடி வாங்குவது செவிதான்.