பன்றி அடிக்கும்போது கொதிநீர் வேண்டாம்

வீட்டில் பன்றி அடிப்பவர்கள் பலர், மயிரை நீக்க, தளதளவென்று கொதிக்கும் நீரை அப்படியே அடித்த பன்றியின்மேல் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தோல் வெந்து இறுகி, மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூடே போதும். கொதிநீரையும் பச்சைத்தண்ணீரையும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வந்துவிடும். உடல்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன்மீது பரவலாக ஊற்றிக்கொண்டே இருங்கள், சூடு நிற்கும். சில நிமிடங்களில் ஒரு கொத்து மயிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்தால் உடனே கத்தியால் சுரண்டத் தொடங்கலாம். ஆறவிட்டால் மயிர் மறுபடியும் இறுகிவிடும். மிச்சத்தை வைக்கோல் தீயில் பொசுக்கிக் கழுவுங்கள்.

வெட்டும்போது கறிக்குள் அரிசிமணி போன்ற வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால், அது நாடாப்புழுவின் இளம் பருவம். அந்தக் கறி எவ்வளவு விலையானாலும் யாருக்கும் கொடுக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம்.

சமையலுக்குக் குடகு நாட்டுப் பக்குவமே எனக்குப் பிடித்தது. தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டுகளை இஞ்சி, பூண்டு, வெங்காயம், மஞ்சளுடன் வேகவைத்தால் கொழுப்பே உருகி எண்ணெயாகும். தனியாக ஊற்றத் தேவையில்லை. மல்லி, சீரகம், மிளகு, கடுகைக் கருக வறுத்துப் பொடித்துச் சேர்த்து, கறி நன்றாக வெந்தபின் கடைசியில் கச்சம்புளி (குடம்புளிப் பழச்சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சிய கரும்புளி) விடுங்கள்.