ஜெர்மனியில் முதுநிலை: மொழித் தகுதியும் தலைப்பெழுத்தும்

ஜெர்மனியில் முதுநிலை படிக்க விரும்பும் காரைக்குடி, தேவகோட்டை மாணவர்கள், அந்தப் படிப்பு எந்த மொழியில் நடத்தப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மன் வழியென்றால், டெஸ்ட்டாஃப் என்னும் ஜெர்மன் மொழித் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பகுதிகளிலும் 4ஆம் நிலை பெற்றால் பொதுவாகப் போதும். ஆங்கில வழியென்றால் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கில மொழித் தேர்வைக் கேட்பார்கள். அதன் மதிப்பெண் 2 ஆண்டுகளே செல்லுமென்பதால், கல்லூரி முதலாண்டிலேயே எழுதிவைப்பது வீண்செலவு. அதற்குப் பதிலாக, ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் பயிற்றுமொழிச் சான்றிதழை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஐயா (தாத்தா), அப்பச்சி (அப்பா) பெயர்கள் சேர்ந்து மூன்று நான்கு எழுத்துகளாக நிற்கும் தலைப்பெழுத்து, கல்லூரிச் சான்றிதழில் சுருங்கியும் பாஸ்போர்ட்டில் விரிந்தும் இருக்கக்கூடும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்புங்கள்.