ஏழு வருஷம் பொறுத்தால் சிபிலில் இருந்து கடன் போய்விடுமா?

கட்டாமல் விட்ட கடன் ஏழு வருஷத்தில் சிபில் அறிக்கையிலிருந்து, அதாவது நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் பதிவிலிருந்து, தானாக மறைந்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பி கிரெடிட் கார்டு பாக்கியை அப்படியே போட்டுவிட்டு, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு வருஷத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இந்தப் பேச்சில் ஏழு என்ற எண் மட்டும்தான் சரி.

இந்தியாவில் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று 2005-ல் தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிமுறைகள், கடன் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. 'குறைந்தது' என்ற சொல்லைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழாம் ஆண்டு முடிந்த மறுநாளே அழித்துவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. அமெரிக்காவில் கதை வேறு. பெரும்பாலான பாக்கிகளை ஏழு ஆண்டுக்கு மேல் அறிக்கையில் காட்டக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த ஊர்க் கணக்கை எடுத்து இங்கே பொருத்திப் பார்ப்பதில் வந்த குழப்பம் இது என்பது என் கணிப்பு. இங்கே கணக்கு முடியாமல் கிடக்கும் வரை, வங்கி அந்தப் பாக்கியைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அப்படி அனுப்பும்போது அது பழைய கடனாக அல்ல, இன்றைய பாக்கியாகத்தான் அறிக்கையில் நிற்கும்.

இதோடு இன்னொரு எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: மூன்று ஆண்டு. காலவரையறைச் சட்டம், 1963-ன்படி சாதாரணக் கடனை வசூலிக்க வழக்குப் போட மூன்று ஆண்டு கெடு. அடமானக் கடனுக்கு 12. இது நீதிமன்றத்துக்கான கெடு மட்டுமே. வழக்குப் போடும் காலம் தாண்டிவிட்டது என்பதற்காகக் கடன் இல்லை என்று ஆகாது, அறிக்கையில் இருக்கும் பதிவும் அசையாது. கெடு முடிவதற்குள் 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த மூன்று ஆண்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அறிக்கையில் 'ரைட் ஆஃப்' என்று வந்திருந்தால் வங்கி கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது என்று சந்தோஷப்படுவது அடுத்த தவறு. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்துகொண்டது, அவ்வளவுதான். பாக்கி உங்கள் தலையில்தான் இருக்கிறது. அடுத்துக் கடன் தர யோசிக்கும் எந்த மேலாளரும் முதலில் கண் வைப்பது அந்தச் சொல்லில்தான்.

ஆனால் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் மாட்டிக்கொள்வது செட்டில்மென்டில். ஒரு நண்பர் கதை இது. கார்டில் வட்டியும் அபராதமுமாக ஏறி 62,000 ரூபாய் நின்றது. கலெக்‌ஷன் ஆள் போன் செய்து, "சார், 30,000 கட்டுங்க, இன்னைக்கே முடிச்சுடலாம்" என்றார். கட்டினார். கடிதமும் வந்தது. நான்கு வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனபோது அறிக்கையைத் திருப்பிக் காட்டினார்கள். நிலுவை பூஜ்யம், ஆனால் கணக்கின் நிலை என்ற இடத்தில் 'செட்டில்டு' என்று இருந்தது. முழுசாகக் கட்டி முடித்தால் வரும் சொல் 'க்ளோஸ்டு'. செட்டில்டு என்றால் இவர் முழுப் பணத்தையும் தரவில்லை, கிடைத்தது போதும் என்று வங்கி விட்டுவிட்டது என்று அர்த்தம். கையில் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தால் அதிலும் அதே சொல்தான்! பணம் கட்டிய அன்று யாரும் அதைப் படிக்கவில்லை.

ஆகவே பேரம் பேசுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கட்டிய பிறகு என்ன நிலை என்று பதிவு செய்வீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் பேசும் ஆள் சொல்வது கணக்கில் வராது. முழுசாகக் கட்ட வழியே இல்லை என்றால் செட்டில்மென்ட் தப்பில்லை, கட்டாமல் கிடப்பதைவிட மேல். பின்னாளில் கையில் பணம் வரும்போது விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி, 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். அப்படிக் கட்டினாலும் தவணை தவறிய மாதங்கள் உடனே அழியாது. எத்தனை நாள் தாமதம் என்பது சிபில் அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டமாக 36 மாதம் வரை இருக்கும். தாமதம் இல்லாத மாதத்தில் 000, இரண்டு மாதம் தள்ளிப்போனால் 060 என்ற மாதிரி. அந்த எண்கள் அப்படியேதான் நிற்கும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் தப்ப முடியாது. அந்தக் கடன் அவர் அறிக்கையிலும் ஏறும். அப்புறம், பயன்படுத்தாத கார்டின் ஆண்டுக் கட்டணம் போன்ற சில்லறைப் பாக்கி. தொகை சின்னது என்று விட்டால், தாமதம் பெரிய கடனுக்குப் போலவே பதிவாகும்.

இதையெல்லாம் வங்கி வாசலில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தப்பாக இருக்கலாம், நான்கையும் பாருங்கள்.

கட்டி முடித்த கடன் பாக்கி என்று காட்டினால், பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ ட்யூ சான்றிதழோடு அந்த நிறுவனத்தின் தளத்தில் புகார் பதியுங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்களாக எதையும் திருத்த முடியாது என்பதால் வங்கிக்கும் ஒரு கடிதம் போடுவது நல்லது. காசு கொடுத்தால் பதிவை அழித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுகளாலும் இதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. புகார் 30 நாளில் தீர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி வைத்த விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கப் புகார் எண்ணும் பதிந்த தேதியும் தேவைப்படும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.