நண்பர்களை வைத்து என் முதல் புத்தகம் போட்ட கதை

என் முதல் சிறுகதைத் தொகுப்பை நானே வெளியிட்டேன். அட்டை ஓவியம் ஒரு தோழி, பக்க வடிவமைப்பு ஒரு நண்பன், மெய்ப்பு, அதாவது பிழைதிருத்தம், இன்னொருவர். மூவருமே காசு வாங்கவில்லை.

முதல் சிக்கல் எழுத்தில். யுனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை லேஅவுட் மென்பொருளில் போட்டதும், ‘கொடு’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. நண்பன்தான் கண்டுபிடித்தான்: பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் சரி. பத்தி ஸ்டைலிலேயே அதை வைத்துவிட்டால் கதைக்குக் கதை மாற்ற வேண்டாம்.

அப்புறம் அட்டை. தோழி திரையில் தீட்டிய நீலம் மாதிரிப் பிரதியில் மங்கி, சாம்பல் பூத்து வந்தது. திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சுக்கு சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை). பளீர் நீலமெல்லாம் அந்த நான்கு மையில் வராது. நிறத்தைத் திருத்தி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விட்டுக் கொடுத்தாள். புத்தக முதுகின் அகலத்தை மட்டும் பக்க எண்ணிக்கை முடிவான பிறகே கணக்கிடுங்கள். 200 பக்கம் என்றால் 100 தாள், தாள் 0.1 மி.மீ. என்றால் முதுகு 10 மி.மீ. தடிமனை அச்சகத்திடமே கேட்பது நல்லது.

மெய்ப்பைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். ஒற்றுப்பிழைகள் சிவப்பு மையில் வரிசை கட்டின. நட்புக்காக விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை அவர். இரண்டு கதைகளின் கடைசிப் பத்தியையே வெட்டச் சொன்னார். ஒன்றை வெட்டினேன். இன்னொன்றுக்கு இன்னும் சண்டை போடுகிறோம்.